மோயமோயா உள்ள கர்ப்பிணி ஊருக்கு வந்தால்: பொள்ளாச்சி, கோவை நிலவரம்

கர்ப்பிணிக்குச் செய்யும் கட்டுச்சோறு விருந்துக்கு துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பொள்ளாச்சிப் பக்கம் வருகிற பெண்ணுக்கு மோயமோயா என்ற மூளை ரத்தக்குழாய் நோய் இருந்தால், விருந்துக்கு நாள் குறிக்கும் முன்பே ஆஸ்பத்திரியைக் குறித்துவிடுங்கள்.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் மண்டைக்குள் மெல்ல மெல்லச் சுருங்க, ஈடுகட்ட நூல் நூலாகச் சிறு குழாய்கள் முளைக்கும் நோய் இது. ஸ்கேன் படத்தில் புகைபோலத் தெரியும். ஜப்பானியப் பெயரும் அதைத்தான் சொல்கிறது. அடைப்பும் வரலாம், அந்த மெல்லிய குழாய் வெடித்து ரத்தக் கசிவும் வரலாம். அதனால் பி.பி. ஏறவும் கூடாது, சட்டென்று இறங்கவும் கூடாது. ஏறிய பி.பி.யை ஒரே ஊசியில் தரைக்குக் கொண்டுவரும் நர்சிங் ஹோம் இவருக்கு ஆகாது.

இன்னொரு எதிரி மூச்சு. வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் இறுகும். கர்ப்பிணி யோகா வகுப்பில் வேகமாக மூச்சை வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம், விறகடுப்பு ஊதுவதும் வேண்டாம். பிரசவ வலியில் மூச்சிரைக்காமல் இருக்க முதுகில் போடும் வலி மரப்பு ஊசியான எபிடியூரலை முன்கூட்டியே போடுவார்கள். கடைசிக் கட்டத்தில் 'முக்கும்மா' என்று விரட்டாமல் வாக்குவம் என்ற உறிஞ்சு கருவி வைத்துக் குழந்தையை எடுப்பது உண்டு. சிசேரியன்தான் என்று கட்டாயமில்லை. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தர்ஜின் பி.பி.யை ஏற்றும், அது வேண்டாம் என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பீளமேடு பி.எஸ்.ஜி. போன்ற இடங்களில் மகப்பேறும் மூளை அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் உண்டு. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 40 கி.மீ. சொந்தக்காரர் வீடு வால்பாறை என்றால் 40 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அங்கே தங்க வேண்டாம். மயக்க மருந்து டாக்டரை 34 வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள். ஆஸ்பிரின் 75 மி.கி. எபிடியூரலுக்குத் தடையில்லை, தானாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி (எல்.எம்.டபிள்யூ. வகை) என்றால், எபிடியூரலுக்கு முன் அளவைப் பொறுத்து 12 அல்லது 24 மணி நேர இடைவெளி வேண்டும்.

மூளை ரத்தக்குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.ஏ. ஸ்கேனை காண்ட்ராஸ்ட் (சாய மருந்து) ஊசி இல்லாமலே எடுக்கலாம். வழக்கப்படி ஊசி ஏற்றிவிடாமல் முதலிலேயே சொல்லுங்கள். வயிற்று ஸ்கேனுக்கு அடையாள அட்டை கேட்பார்கள், ஸ்கேன் விவரத்தைப் பதியும் எஃப் படிவம் நிரப்புவார்கள். ஆணா பெண்ணா என்று கேட்கவே வேண்டாம், சட்டப்படி குற்றம். பிரசவம் இங்கேதான் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிக்மி (தமிழக அரசின் கர்ப்பிணிப் பதிவு) எண் வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அது இல்லாமல் அலைய வேண்டியிருக்கும்.

விருந்தன்று வெறும் வயிறாக உட்கார வைக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றினாலே மூளைக்கு ரத்தம் குறையும். பேச்சு குழறியோ கை மரத்தோ பத்து நிமிடத்தில் சரியானாலும், பித்தம் என்று சுக்குக் காப்பி போடாமல் 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.