ஆறாவது அழுத்தலில் விழித்த லேப்டாப்

என் லேப்டாப்புக்குப் பதினொரு வயது. அதில் இரண்டு வருடம் அதற்கு ஒரு வியாதி இருந்தது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு எரியும், ஃபேன் நாலைந்து நொடி சுற்றும், திரை மட்டும் கருப்பாகவே கிடக்கும். பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட்டால் சில நாள் இரண்டாம் தடவை வரும், சில நாள் ஆறாம் தடவை. வந்துவிட்டால் அன்று முழுக்க ஒரு தொந்தரவும் கிடையாது. அடியோடு படுத்துவிட்டால் தூக்கி ஓரமாக வைத்திருப்பேன். இது சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

முதலில் செய்தது முட்டாள்தனம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தைப் போட்டேன். வேகம் கூடியது உண்மை, கோளாறு அப்படியே இருந்தது. தயாரித்த கம்பெனியின் லோகோவே திரையில் வராதபோது டிஸ்க்கையோ விண்டோஸையோ சந்தேகப்பட்டதில் அர்த்தமே இல்லை. லோகோ வருவதற்கு முன்பு நடப்பதெல்லாம் பயாஸின் வேலை, அதாவது மதர்போர்டிலேயே இருந்து மெஷினை எழுப்பும் மென்பொருளின் வேலை. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் எல்லோரும் சொல்லும் வைத்தியம்: சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடிப்பது. உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். செய்தேன், மறுநாள் முதல் அழுத்தலிலேயே வந்தது. அடுத்த நாளும் வந்தது. தெரிந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி முடித்தேன், மூன்றாம் நாள் மறுபடியும் கருப்புத் திரை. விட்டு விட்டு வரும் கோளாறில் இதுதான் சிக்கல். எதைச் செய்தாலும் இரண்டு நாளைக்குப் பலித்த மாதிரியே இருக்கும்.

அதன் பிறகுதான் ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தேன். எத்தனை மணி நேரம் அணைந்திருந்தது, எத்தனை அழுத்தலில் வந்தது, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு தடவைகூடத் தவறவில்லை. இரவு முழுக்க அணைந்து ஆறிக் கிடந்த காலைகளில்தான் அடம்பிடித்தது.

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடாமல் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்து வைக்கும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். என் நோட்டும் அதையே காட்டுவதாக நினைத்து அதை அணைத்தேன். பலன் இல்லை. லோகோ பாடத்தை மறந்துவிட்டேன், வேறென்ன.

இடையில் தேதியும் தானாகப் பழைய வருடத்துக்குப் போக ஆரம்பித்தது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது. மதர்போர்டில் கடிகாரத்தை ஓடவைக்கும் சிஆர்2032 காயின் பேட்டரியை மல்ட்டிமீட்டரில் அளந்தால் 3 வோல்ட்டுக்குப் பதில் 2.4 தான் இருந்தது. மாற்றினேன், தேதி சரியாகிவிட்டது. காலைப் பிடிவாதம் மட்டும் மாறவில்லை. ஆக, ஒரே மெஷினில் இரண்டு கோளாறு!

கடைசியில்தான் ரேமுக்கு வந்தேன். 4 ஜிபி ரேம் இரண்டு, ஒவ்வொன்றையும் செருகும் ஸ்லாட்டில் ஒன்றாக இருந்தன. ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரு வாரம், அதை மாட்டி மற்றதைக் கழற்றி ஒரு வாரம். முதல் ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் ஓடியது, இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் காலையில் தகராறு. ரேமில் குற்றமில்லை, ஸ்லாட்டில்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ரேமின் தங்க நிற முனைகளைத் துடைத்து, ஸ்லாட்டையும் தூசி போகச் சுத்தம் செய்தேன். நான்கு மாதம் நிம்மதி. திரும்ப வந்தபோது இரண்டாவது ஸ்லாட்டைக் கைகழுவிவிட்டு, முதல் ஸ்லாட்டில் ஒரே 8 ஜிபி ரேமைப் போட்டேன். வாங்கும்போது மட்டும் கவனம்: 1.35 வோல்ட் டிடிஆர்3எல், 1.5 வோல்ட் டிடிஆர்3 என்ற இரண்டு ரேம் வகையும் ஒரே அளவு, ஒரே 204 பின். மாற்றி வாங்கினால் சரியாக உட்காரும், ஆனால் 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப் விழிக்காது.

அதற்கப்புறம் பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நோட்டில் கடைசி ஐந்து பக்கமும் வரிசையாக ‘1’ தான். குறிப்பதை நிறுத்திவிடலாம், இன்னும் நிறுத்தவில்லை.