எக்ஸ்பல்ஸும் காட்டுமாடும்: கோத்தகிரி எஸ்டேட் பாதையில் சில வருட அனுபவம்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிறு தேயிலை விவசாயிகளின் தோட்டங்களுக்குப் போய் மண் மாதிரி எடுப்பதும், உரம் பற்றிச் சொல்வதும் என் வேலை. கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம் பக்கம் தார் ரோடு முடிகிற இடத்தில்தான் பாதி நாள் என் வேலையே தொடங்கும். அதற்கு மேல் செம்மண், சரளைக்கல், மழை அரித்த பள்ளம். அந்தப் பாதைகளுக்காக வாங்கியதுதான் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக். 2021 கடைசியில் அந்த மாடல் வந்தது, அடுத்த வருடம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையில்லாமலும் அதே பாதைகளில் சுற்றுவேன். ஓடோமீட்டர் இப்போது 40,000 கி.மீ. தாண்டிவிட்டது.

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண்களில் எது நிஜமாக உதவுகிறது என்று கேட்டால், 220 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ்தான் முதலில். பாதையின் நடுவே மேடாக நிற்கும் கல்லில் அடிப்பாகம் தட்டுவது அபூர்வம். 21 அங்குல முன் சக்கரம் பள்ளத்தில் விழாமல் அதன்மேல் ஏறிப் போகிறது. முன்பக்க சஸ்பென்ஷன் 190 மி.மீ. வரை அமுங்கும், பின்பக்கம் 170. சாயங்காலம் வீடு திரும்பும்போது இடுப்பு இடுப்பாகவே இருக்கிறது. 158 கிலோ எடை என்பதால் கவிழ்ந்தாலும் தனியாளாகத் தூக்கி நிறுத்தலாம். சீட் உயரம் 825 மி.மீ. என்பதைத்தான் வாங்கும் முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தடி ஐந்தங்குலம். சமதளத்தில் இரண்டு காலும் நுனிவிரலில் நிற்கும், சரிவில் ஒரு கால்தான். உயரமான எந்த பைக்கிலும் இப்படித்தான், இதன் குறை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு கால் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

மைலேஜ் மலையில் லிட்டருக்கு 35-ஐ ஒட்டி வருகிறது. 13 லிட்டர் டேங்க் இருப்பதால் பெட்ரோல் பங்க் இல்லாத பக்கம் போகப் பயமில்லை. மழைக்காலத்தில் செம்மண் குழம்பு பிரேக் பேடைச் சீக்கிரம் தின்றுவிடும், செயினும் அப்படித்தான். இரண்டையும் வீட்டிலேயே கழுவி எண்ணெய் போடப் பழகிக்கொள்வது நல்லது. இன்ஜினில் இதுவரை கை வைக்கவில்லை.

கூடுதலாக வாங்கி மாட்டியவற்றில் உருப்படியானது டயர் மட்டும்தான். மேலே ரப்பர் கட்டைகள் பெரிதாக உள்ள டயர் தார் ரோட்டில் 'உய்ங்' என்று இரையும், ஈர மண்ணில் அதற்கு ஈடில்லை. பனிமூட்டத்துக்கென்று வாங்கிய எக்ஸ்ட்ரா லைட் வெள்ளை வெளிச்சம். பனியில் அதைப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஒரு மழைக்கே உள்ளே தண்ணீர் வேறு போய்விட்டது. கழற்றிவிட்டேன். சைலன்ஸர் கம்பெனியில் வந்ததேதான். இதை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், சனி ஞாயிறு கோயம்புத்தூரிலிருந்து வரும் பையன்கள் முதலில் மாற்றுவது அதைத்தான். கேட்டால், "சத்தம் கேட்டா மிருகம் விலகிடும் ப்ரோ" என்பார்கள்.

மாடு விலகாது. நான் பார்த்த மாடு விலகவில்லை.

ஒரு நவம்பர் சாயங்காலம். ஐந்தரை மணி இருக்கும், வெளிச்சம் இருந்தது, ஆனால் பனி இறங்கிவிட்டது. கீழ்க்கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் மண் எடுத்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு ஏறும் மண்பாதையில் இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தேன். இடதுபக்கம் தேயிலைச் சரிவு. வலதுபக்கம் ஆளுயரத்துக்கு மண் வெட்டிய மேட்டுக்கரை, அதன்மேல் புல்லும் சில்வர் ஓக் மரங்களும். ஒரு வளைவு திரும்பியதும் முப்பது நாற்பதடி தள்ளி, பனிக்குக் கீழே நான்கு வெள்ளைக் கால்கள் தெரிந்தன. கால்கள் மட்டும். மேலே எல்லாம் பனி. பிரேக் பிடித்து நின்று, கண் கொஞ்சம் பழகிய பிறகுதான் அந்தக் கால்களுக்கு மேலே கறுப்பாக ஓர் உடம்பும், முதுகில் திமிலும் துலங்கின. ஒற்றைக் கடா, ஆண் காட்டுமாடு.

நீலகிரியில் இருப்பவர்களுக்குக் காட்டுமாடு புதிதில்லை. குன்னூரில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரைக்கும் வரும். கூட்டமாக மேயும்போது வண்டியைக் கொஞ்சம் நிறுத்தினால் அதுபாட்டுக்குப் போய்விடும். தனியாக நிற்கும் கடா வேறு. வளர்ந்த கடா ஆயிரம் கிலோவைத் தொடும், தோள் ஆறடி உயரம் போகும். அது என்னைப் பார்த்து நிற்கவில்லை, குறுக்கே பக்கவாட்டில் நின்றது. புதிதாகப் பார்ப்பவர்கள் 'சரி, தாண்டிப் போகப்போகிறது' என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் அப்படி நிற்கும். தலையைத் தாழ்த்தி, முதுகை உயர்த்தி, மெதுவாக ஒவ்வொரு காலாக வைக்கும். அதற்கும் நாம் போகாவிட்டால்தான் கொம்பு நம் பக்கம் திரும்பும்.

என் ஹெட்லைட் நேராக அதன் விலாவில் அடித்துக்கொண்டிருந்தது. அணைக்கலாம் என்றால் சுவிட்ச் கிடையாது. 2017 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்கும் எல்லா இருசக்கர வண்டிகளிலும் இன்ஜின் ஓடினால் லைட் எரிந்தே தீரும், சட்டமே அப்படி. ஊர் ரோட்டில் நல்ல சட்டம்தான். இங்கே லைட்டை அணைக்க வேண்டுமென்றால் இன்ஜினையே அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் ஓடுவதற்கு வழியில்லை. எது பரவாயில்லை என்று யோசிக்க அதிக நேரம் இல்லை. சாவியைத் திருப்பிவிட்டேன்.

இன்ஜின் நின்றதும்தான் அந்தச் சத்தம் கேட்டது. வறக், வறக் என்று புல் பிடுங்கும் சத்தம். முன்னாலிருந்து இல்லை, என் வலது காதுக்கு மேலே. மெதுவாகத் தலையைத் திருப்பினேன். மேட்டுக்கரையின் விளிம்பில் இன்னொரு மாடு. கை நீட்டினால் தாடையைத் தொட்டுவிடலாம். மூக்கில் ஈரம் மினுங்கியது, வாயோரத்தில் ஒரு புல் கற்றை வேர் மண்ணோடு தொங்கிக்கொண்டிருந்தது. அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் வளைவு திரும்பி, பிரேக் பிடித்து, நின்று, பயந்து, சாவியைத் திருப்பி முடிக்கும் வரைக்கும் அது அங்கேயேதான் மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது. கடாவைவிட எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது. இந்தப் பாதையில் இன்ஜின் சத்தத்தோடு எத்தனை மாடுகளை உரசிக்கொண்டு போயிருக்கிறேனோ!

திரும்ப வழியில்லை. முன்னால் போகவும் முடியாது. ஏற்றத்தில் நின்றதால் பின்னால் உருளலாம். இங்கேதான் அந்த 825 மி.மீ. வந்து நின்றது. பின்னோக்கி உருளும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் மண்ணில் வழுக்கும், எடை எல்லாம் பின்னால் போய்விடுவதால். பின் பிரேக்கை மிதிக்க வலது கால் வேண்டும், அதை எடுத்தால் இடது நுனிவிரல் ஒன்றுதான் பூமியில். அதுவும் சரிவுப் பக்கம். இதற்கு ஒரு வழி உண்டு, டிரெயில், அதாவது மண்பாதை ஓட்டுகிறவர்கள் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள்: இன்ஜின் நின்றிருக்க, முதல் கியரில் போட்டுவிட்டு கிளட்சால் இறங்க வேண்டும். லிவரைப் பிடித்தால் வண்டி உருளும், விட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். இரண்டு காலும் தரையிலேயே இருக்கும். அரையடி உருட்டி, நிறுத்தி, மறுபடி அரையடி என்று வந்தேன். லிவர் ஒவ்வொரு முறை கிளிக்கும்போதும் மேட்டு மாடு காதை மட்டும் ஆட்டியது. கடா ஒரு முறை 'ஃபுர்ர்' என்று மூச்சு விட்டது. வளைவு மறைத்த பிறகும் நிறுத்தாமல், கீழே இலை எடை போடும் கொட்டகை வரைக்கும் அப்படியேதான் உருட்டினேன்.

கொட்டகையில் சாக்கு மடித்துக்கொண்டிருந்த அக்கா என் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட்டார். "மாடா தம்பி?" தலையாட்டினேன். "மேல ஒத்தை மாடு மூணு நாளா நிக்குது. காலையில இலை பறிக்கவே நாங்க அந்தப் பக்கம் போகலை. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டதில்லை. இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது மண்ணைப் பற்றியல்ல, மாட்டைப் பற்றித்தான். பறிக்கும் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. மாடு தேயிலையைத் தின்னாது. செடிகளுக்கு நடுவில் முளைக்கும் புல்லுக்கும், தோட்டத்தின் அடியில் உள்ள சதுப்புக்கும்தான் வருகிறது. அதன் பழைய புல்வெளிகளில் தேயிலை வந்துவிட்டது, சீகை (வாட்டில்) மரம் வந்துவிட்டது, மிச்சத்தில் உண்ணிச்செடி. அது வேறெங்கே போகும்?

அன்றைக்குப் பிறகு பைக்கை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. 19 குதிரைத்திறனில் பாதியைக்கூட அந்தப் பாதையில் நான் தொடுவதில்லை. முதல் கியரில் நடை வேகத்துக்கு இறங்கினாலும் திணறி அணையாமல் ஓடுகிறதா, ஐடிலில் இன்ஜின் சத்தத்தைத் தாண்டி வெளிச்சத்தம் காதில் விழுகிறதா என்பதைத்தான் கவனிக்கிறேன். இரண்டிலும் எக்ஸ்பல்ஸ் தேறிவிட்டது. பனியில் வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டுகிறேன், முகம் விறைத்தாலும் பரவாயில்லை. குருட்டு வளைவுக்கு முன்னால் இன்ஜினை அணைத்து ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவது. கூட வரும் நண்பர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஹாரன் அடிப்பதில்லை. நான்கரைக்கு மேல் அந்த மண்பாதையில் இறங்குவதில்லை.

இன்னொன்று. நான் சொல்வதெல்லாம் எஸ்டேட் பாதை, அதுவும் தோட்டக்காரரைக் கேட்டுவிட்டு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் பைக்கை விடுவது குற்றம். வண்டியையும் எடுத்துக்கொள்வார்கள். 'டிரெயில்' என்ற பெயரில் அதைச் செய்கிறவர்களுக்காக இதை எழுதவில்லை.

யார் வாங்கலாம்? மலையில் வேலை இருப்பவர்கள், மண்பாதையில் நிதானமாகப் போகப் பிடித்தவர்கள் தாராளமாக வாங்கலாம். நாலுவழிச் சாலையில் நூறில் பறக்க ஆசை என்றால் 200 சிசி வகை வண்டியே வேண்டாம், வேறு பாருங்கள். உயரம் குறைவானவர்கள் ஷோரூம் டைல்ஸ் தரையில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு சரிவில் நிறுத்தி, பின்னால் உருட்டிப் பாருங்கள்.

அடுத்த மாதம் எனக்குச் செயின் செட் மாற்ற வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் போடலாமா என்று மெக்கானிக் அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். மேட்டுப்பாளையம் இறங்கும்போது இன்ஜின் கொஞ்சம் கூடுதலாக இரையும் என்கிறார். இரையட்டும், முதல் கியர் இன்னும் மெதுவாகப் போனால் போதும்.