கரப்பானுக்கு நானே, கரையானுக்கு ஆள்

பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடலாமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பூச்சி என்றுதான். மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு எங்களுடையது. எல்லாப் பூச்சியும் வந்து பார்த்துவிட்டன.

மிக்சிக்கு அடியில் ஓடும் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு, கடையில் ஊசிக்குழலில் விற்கிற ஜெல் போதும். கதவுக் கீல், அலமாரி இடுக்கு, சிங்க்கின் அடிப்புறம் என்று துவரம்பருப்பு அளவில் பொட்டு வைக்க வேண்டும். தின்ற பூச்சி உடனே சாகாது. இடுக்குக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்பவையும் சாகும். ஆனால் அதே இடத்தில் ஸ்பிரே அடித்தால் பூச்சி ஜெல் பக்கம் வராது. அதனால் ஸ்பிரே டப்பாவை வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். சாக்கடை வழியே ஏறி வரும் பெரிய செங்கரப்பான் வேறு ரகம். குளியலறைத் துவாரத்துக்கு நெருக்கமான சல்லடை மூடி போட்ட பிறகே அதன் வரத்து நின்றது.

கரையான் கதை வேறு. பூஜை அறைக் கதவு நிலையில் மண்கோடு ஏறியதும், மண்ணெண்ணெய் தடவச் சொல்லாத உறவினர் இல்லை. தடவினால் கண்ணில் படுபவை சாகும். ராணியோ மண்ணுக்கடியில் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். தரையைத் துளைத்து மருந்து இறக்க டிரில்லும் பம்பும் பழகிய கையும் வேண்டும். ஆளை அழைத்தேன்.

வேலை நன்றாகத்தான் இருந்தது, நான் பக்கத்தில் நின்றவரை. கட்டடங்களில் கரையான் தடுப்புக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 6313-இன் மூன்றாம் பகுதிப்படி, சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒரு துளை போட வேண்டும். வந்தவர்கள் பீரோவுக்குப் பின்னால் மட்டும் துளையே போடாமல் தாண்டப் பார்த்தார்கள். நகர்த்தச் சொன்னேன், முணுமுணுத்துக்கொண்டே நகர்த்தினார்கள். மருந்து இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. பாட்டிலை என் கண்ணெதிரே திறந்து அளக்கச் சொன்னேன். இதன் வாடையைக் கரையான் உணராது என்பதுதான் இதன் பலம். மருந்து இறங்கிய மண்ணில் கரையான் நடந்து, உடம்பில் ஒட்டியதைக் கூட்டத்துக்கும் கொண்டுபோகும்.

பில் போடும்போது கரப்பானுக்கும் ஆண்டு ஒப்பந்தம் எடுக்கச் சொன்னார்கள். என்ன மருந்து என்று கேட்டால், அதே ஜெல்! வேண்டாம் என்றேன். கரையானுக்கான உத்தரவாதத்தை மட்டும், மறுபடி வந்தால் இலவசமாக மருந்திட வேண்டும் என்ற வரியோடு, எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஒரு குறை: துளைகளை வெள்ளை சிமெண்டால் அடைத்ததில் எங்கள் சிவப்புத் தரை முழுக்கப் புள்ளி. நிறம் கலந்து பூசச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். வீட்டில் கிணறு இருந்தால் அதையும் வேலை தொடங்கும் முன் காட்டிவிட வேண்டும்; மருந்து தண்ணீரில் கலந்துவிடக் கூடாது.