கேட்ட பள்ளி கிடைக்கவில்லை: வெயிட்டிங் லிஸ்டா, அப்பீலா?

இங்கிலாந்தில் இயர் 7 (மேல்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) இடங்கள் மார்ச் 1 அன்றும், ரிசப்ஷன் (தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பு) இடங்கள் ஏப்ரல் 16 அன்றும் அறிவிக்கப்படுகின்றன. அது விடுமுறை நாளானால் அடுத்த வேலைநாளில். முதலாவதாக எழுதிக் கொடுத்த பள்ளி கிடைக்காத வீடுகளில் அன்று மாலையே பேச்சு தொடங்கிவிடும். கொடுத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா, வெயிட்டிங் லிஸ்டில் காத்திருக்கலாமா, அப்பீல் போடலாமா, இல்லை தனியார் பள்ளிதானா? சொந்தத்தில் ஒருவர் "நாங்கள் அப்பீல் போட்டுத்தான் வாங்கினோம்" என்பார். இன்னொருவர் "அதெல்லாம் வீண் வேலை" என்பார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முதலாமவரின் பிள்ளை இயர் 7-க்குப் போயிருக்கும், அடுத்தவரின் பிள்ளை ரிசப்ஷனுக்கு. இரண்டுக்கும் அப்பீல் விதியே வேறு. அது தெரியாமல் ஒருவர் அனுபவத்தை இன்னொருவர் பின்பற்றினால் பல வாரங்கள் வீணாகும், மனமும் நோகும்.

கீழே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நடைமுறைகள் தனி. பிள்ளைக்குச் சிறப்புக் கல்வித் தேவைக்கான இ.எச்.சி. திட்டம் இருந்தால் அந்த வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போகும், இந்த வழியில் வராது.

கொடுத்த இடத்தை மறுப்பது

இதை முதலிலேயே பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. "ஏற்றுக்கொண்டால் இவர்களுக்குத்தான் இடம் கிடைத்துவிட்டதே என்று நம்மைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள்" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி எதுவும் நடக்காது. வெயிட்டிங் லிஸ்டில் பெயர் எங்கே நிற்கும் என்பதைப் பள்ளி வெளியிட்டிருக்கும் சேர்க்கை விதிகள் மட்டுமே முடிவு செய்கின்றன. கையில் இடம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கணக்கில் வராது. அப்பீல் உரிமையும் அதனால் குறையாது.

மறுத்தால் நடப்பது ஒன்றுதான்: அந்த இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். கவுன்சில் உங்களுக்காக அதைப் பிடித்து வைத்திருக்காது. அப்புறம் மீதி இருப்பது இன்னும் தூரத்தில் உள்ள பள்ளியாக இருக்கலாம். அதனால் கிடைத்த இடத்தைப் பிடிக்காவிட்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டே மற்ற வழிகளை முயலலாம்.

வெயிட்டிங் லிஸ்ட்

இதற்குப் பணமும் இல்லை, வாதமும் இல்லை. சேர்க்கை ஆண்டில் குறைந்தது டிசம்பர் 31 வரை பள்ளி இந்தப் பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சில கவுன்சில்கள், கிடைத்த பள்ளிக்கு மேலே நீங்கள் எழுதிய எல்லாப் பள்ளிகளிலும் தாமாகவே பெயரைச் சேர்த்துவிடும், சில இடங்களில் நீங்கள்தான் கேட்க வேண்டும். கடிதத்தில் தெளிவாக இல்லையென்றால் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, இது வரிசை அல்ல. முதலில் பெயர் கொடுத்தவர் முதலில் நிற்பதில்லை. ஒவ்வொரு புதுப் பெயர் சேரும்போதும் பட்டியல் முழுவதையும் சேர்க்கை விதிகளின்படி மறுபடி அடுக்க வேண்டும். ஜூலையில் பள்ளிக்கு எதிர்வீட்டுக்குக் குடிவரும் குடும்பம் மார்ச் மாதத்திலிருந்து காத்திருக்கும் உங்களைத் தாண்டிப் போகலாம். நாலாவது இடத்தில் இருந்த பெயர் ஆறாவது இடத்துக்கு இறங்கினால் யாரோ தவறு செய்தார்கள் என்று அர்த்தமில்லை.

இதே விதி உங்களுக்கும் உதவும். அக்கா அந்தப் பள்ளியிலேயே படிக்கிறாள், ஆனால் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்ப விட்டுப்போனது என்று வையுங்கள். அல்லது கத்தோலிக்கப் பள்ளிக்கு விண்ணப்பித்துவிட்டு, ஞானஸ்நானச் சான்றிதழோடு பள்ளிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டிய துணைப் படிவத்தைக் கொடுக்கவில்லை. இரண்டும் கவுன்சிலின் பிழை அல்ல, அதனால் அப்பீலில் பிழை என்று வாதிட முடியாது. ஆனால் இப்போது அந்த ஆவணங்களைக் கொடுத்தால் வெயிட்டிங் லிஸ்டில் உங்கள் பெயர் சரியான பிரிவுக்கு மாறி மேலே போகும். நம் குடும்பங்களில் இந்தத் துணைப் படிவம் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. கவுன்சில் விண்ணப்பத்தை அனுப்பியதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

பெற்றோர் பதில் சொல்லி முடித்த பிறகு வரும் வாரங்களில் ஓரளவு நகர்வு இருக்கும். தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள், வீடு மாறுகிறவர்கள் இடத்தை விடுவார்கள். செப்டம்பரில் பள்ளி திறந்து சில பிள்ளைகள் வராதபோது இன்னும் கொஞ்சம் நகரும்.

அப்பீல்: ரிசப்ஷனுக்கு

ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 வகுப்புகளில் ஒரு ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். பள்ளியின் அனுமதி எண்ணிக்கை (ஓர் ஆண்டில் சேர்ப்பதாக அறிவித்த பிள்ளைகளின் எண்ணிக்கை) 30, 60, 90 என்று இருந்து எல்லா இடமும் நிரம்பியிருந்தால் உங்கள் பிள்ளை 31ஆவது பிள்ளை. அப்போது அப்பீல் குழு உங்கள் குடும்பச் சூழலை எடைபோட்டு, பாவம் என்று இடம் கொடுக்க முடியாது. சில காரணங்களுக்காக மட்டுமே அது உங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லலாம். உங்கள் பிள்ளையைச் சேர்த்தாலும் 30 என்ற வரம்பு மீறப்படாது என்று காட்ட வேண்டும். அல்லது சேர்க்கை விதிகளே சட்டத்துக்கு முரணானவை, இல்லை அவை தவறாகப் பின்பற்றப்பட்டன, அந்தத் தவறு நடக்காவிட்டால் இந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். இவை தவிர, நியாயமாக நடக்கும் எந்த நிர்வாகமும் எடுக்காத முடிவு அது என்றும் வாதிடலாம். இந்தக் கடைசிக் காரணம் கேட்க எளிதாகத் தெரியும். நடைமுறையில் அதைத் தாண்டுவது மிகக் கடினம்.

ஆகவே ரிசப்ஷனுக்கு நான் சொல்வது: பிழை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை மீட்டர் என்று கணக்கிட்டார்கள், நேர்க்கோட்டிலா நடைபாதையிலா, கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் தூரம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். எண்கள் சரியாக இருந்தால் அப்பீலில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். போடக் கூடாது என்பதல்ல, அது இலவசம்தான். ஆனால் அம்மம்மா தினமும் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது, இரண்டு பிள்ளைகளை இரண்டு பள்ளியில் விட முடியாது என்பவை எவ்வளவு உண்மையான கஷ்டமாக இருந்தாலும் இந்த அப்பீலில் அவற்றுக்குத் தீர்ப்பை மாற்றும் பலம் இல்லை. உங்கள் முயற்சியை வெயிட்டிங் லிஸ்டில் வையுங்கள்.

அப்பீல்: இயர் 7-க்கு

இங்கே 30 என்ற சட்ட வரம்பு இல்லை. பள்ளி நிரம்பிவிட்டது என்பது முடிவு அல்ல, பள்ளியின் வாதம் மட்டுமே. அதற்கு எதிர்வாதம் வைக்க உங்களுக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது.

கடிதம் வந்த நாளிலிருந்து அப்பீல் போடக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு பள்ளியின் அப்பீல் கால அட்டவணையும் பிப்ரவரி 28-க்குள் இணையதளத்தில் வந்துவிட வேண்டும் என்பதால் தேதிகளை முன்பே பார்த்துக்கொள்ளலாம். உரிய நேரத்தில் விண்ணப்பித்தவர்களின் விசாரணை, அப்பீல் கடைசித் தேதியிலிருந்து 40 பள்ளி நாட்களுக்குள் நடக்கும். குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு கேட்கும். அவர்கள் பள்ளிக்கோ கவுன்சிலுக்கோ கட்டுப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் சொல்லும் தீர்ப்பைப் பள்ளி ஏற்றே ஆக வேண்டும்.

விசாரணைக்கு இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் விதிகள் சட்டப்படி இருந்தனவா, சரியாகப் பின்பற்றப்பட்டனவா, இன்னொரு பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்கு உண்மையிலேயே பாதிப்பு வருமா என்று பார்ப்பார்கள். நிறையப் பேர் அப்பீல் போட்ட பள்ளி என்றால் இந்தக் கட்டத்தில் எல்லாப் பெற்றோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பள்ளியின் வாதத்தைக் கேட்பது உண்டு. அப்போது கேள்வி கேளுங்கள். முந்தைய ஆண்டுகளில் அனுமதி எண்ணிக்கைக்கு மேல் சேர்த்திருக்கிறீர்களா, மேல் வகுப்புகளில் இப்போது எத்தனை பேர், புதுக் கட்டடம் வந்ததா என்பவை நியாயமான கேள்விகள்.

இரண்டாம் கட்டம் உங்களுடையது. பள்ளிக்கு வரும் பாதிப்பையும், உங்கள் பிள்ளைக்கு அந்தப் பள்ளி கிடைக்காததால் வரும் பாதிப்பையும் குழு தராசில் வைக்கும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. கொடுக்கப்பட்ட பள்ளி ஏன் மோசம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் அறிக்கை, அந்தத் தெருவில் நடந்த சண்டை, பரீட்சை முடிவுகள் எல்லாம் வரும். கேட்ட பள்ளி இந்தக் குறிப்பிட்ட பிள்ளைக்கு ஏன் வேண்டும் என்பது ஒரு பத்திகூட இருக்காது. குழு தேடுவது அதைத்தான். நீண்ட பயணம் பிள்ளையின் உடல்நிலையை எப்படிப் பாதிக்கும் என்று எழுதிய மருத்துவரின் கடிதம், கொடுமைப்படுத்திய அதே பிள்ளைகள் அந்தப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதற்கு இப்போதைய பள்ளி தரும் பதிவு, பிள்ளை தீவிரமாகச் செய்துவரும் ஒரு பாடமோ இசையோ அங்கேதான் இருக்கிறது என்பதற்குச் சான்று, இவற்றில் ஒன்று நல்லதாக இருந்தாலே போதும். சான்று இல்லாத கண்ணீரை அவர்கள் அனுதாபத்தோடு கேட்பார்கள், ஆனால் தராசில் வைக்க அவர்களிடம் எதுவும் இருக்காது.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் அதற்காக அப்பீலை விட்டுவிட வேண்டாம். நண்பரையோ உறவினரையோ உங்கள் சார்பில் பேச அழைத்துப்போகலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் குழுவின் எழுத்தரிடம் முன்பே கேளுங்கள். பெரியவர்களின் வழக்கை மொழிபெயர்க்கும் பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளைமேல் போடாதீர்கள்.

கிராமர் பள்ளி என்றால்

தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் இந்த அரசுப் பள்ளிகளுக்கு நம் குடும்பங்களில் தனி இடம் உண்டு, அதனால் தனியாகச் சொல்கிறேன். பிள்ளை 11 பிளஸ் என்ற அந்தத் தேர்வில் தேறி, இடம் இல்லாததால் மட்டும் மறுக்கப்பட்டிருந்தால் மேலே சொன்ன தராசு முறையே பொருந்தும். தேறவில்லை என்றால் தேவையான கல்வித் தரம் பிள்ளையிடம் இருக்கிறது என்பதற்குச் சான்று வேண்டும்: பள்ளி அறிக்கைகள், தலைமையாசிரியர் கடிதம். தேர்வு நாளன்று காய்ச்சல் என்பது மட்டும் போதாது, காய்ச்சல் இல்லாத நாட்களில் பிள்ளை எந்த நிலையில் இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். உள்ளூர் மறுபரிசீலனை ஏற்கெனவே நடந்திருந்தால், அது நியாயமாகவும் ஒரே சீராகவும் நடந்ததா என்பதை மட்டுமே குழு பார்க்கும். டியூஷன் ஆசிரியரின் கடிதத்தைவிட வகுப்பாசிரியரின் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

தனியார் பள்ளியும் வீட்டுக் கல்வியும்

தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு 2025 ஜனவரி 1 முதல் 20 சதவீத வாட் வரி உண்டு. ஏழு ஆண்டுகளுக்குக் கட்ட முடியும் என்ற தெளிவு இருந்தால் மட்டும் யோசியுங்கள். வீட்டுக் கல்வி சட்டப்படி பெற்றோரின் உரிமை, ஆனால் செலவும் பொறுப்பும் முழுக்க உங்களுடையவை. அப்பீல் முடியும்வரை தற்காலிகமாக என்று அதைத் தேர்ந்தெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளை செப்டம்பரில் ஏதாவது ஒரு பள்ளியில் நண்பர்களோடு இருக்கட்டும்.

கொடுக்கப்பட்ட பள்ளியே சரியாக இருந்தால்?

இதையும் ஒரு வழியாகவே வைக்கிறேன், வேறு வழியில்லாமல் ஏற்பதாக அல்ல. விண்ணப்பிக்கும்போது போய்ப் பார்க்காத பள்ளியாக இருக்கலாம். இப்போது நேரம் கேட்டு ஒரு வேலைநாளில் போய்ப் பாருங்கள். பயணச் செலவும் இந்த ஒப்பீட்டில் வர வேண்டும். இடம் கிடைக்கக்கூடிய பள்ளிகளில் பொருத்தமான மிக அருகிலுள்ளது அதுதான் என்றால், நடை தூரம் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2 மைலுக்கு மேலும், 8 வயதிலிருந்து 3 மைலுக்கு மேலும் இருந்தால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். அதைவிடத் தூரமான பள்ளியை அப்பீலில் வென்றால் அது பெற்றோரின் தேர்வாகிவிடும், பொதுவாக இந்த உதவி கிடைக்காது.

அப்பீலில் தோற்றால்

அதே பள்ளிக்கு அதே கல்வியாண்டில் சாதாரணமாக இரண்டாவது அப்பீல் கிடையாது. சூழ்நிலை பெரிதாக மாறியிருந்தால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம். விசாரணை நடந்த விதத்தில் தவறு இருந்தால், கவுன்சில் பராமரிக்கும் பள்ளி என்றால் உள்ளாட்சி ஆம்புட்ஸ்மனிடமும் (குறைதீர்ப்பாளர்), கவுன்சில் பராமரிக்காத அரசு நிதிப் பள்ளியான அகாடமி என்றால் கல்வித் துறையிடமும் புகார் செய்யலாம். அவர்கள் இடம் தர மாட்டார்கள், புதிய விசாரணைக்கு வழி செய்யலாம். தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது மட்டும் இங்கே காரணமாகாது.

தோற்றாலும் வெயிட்டிங் லிஸ்டில் பெயர் அப்படியே இருக்கும். புதிய கல்வியாண்டில் புதிதாக விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் அப்பீல் உரிமையும் மறுபடி வரும். ரிசப்ஷனில் 30 என்ற வரம்பால் தோற்றவர்கள் இயர் 3-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பிலிருந்து வரம்பு இல்லை, இயர் 7-க்குச் சொன்ன அதே தராசில்தான் உங்கள் வழக்கும் நிறுக்கப்படும்.