புதுச்சேரியில் வாடகை பைக் எடுப்பவர்கள் கவனத்துக்கு

புதுச்சேரியில் பைக் வாடகைக்கு எடுத்து, கடலோரமாகவே தனுஷ்கோடி வரை தனியாகப் போகும் திட்டம் இருக்கிறதா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டி என்றால் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். எனக்குக் கொடுத்தது வெள்ளை போர்டு, அதாவது யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. கேட்டதற்குக் கடைப் பையன், "தொடர்ச்சியா லீவு வருதுண்ணா, இது ஒண்ணுதான் மிச்சம். போலீஸ் நிறுத்தினா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க" என்றான். ஐயாயிரம் டெபாசிட் போக ஒரிஜினல் லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வழியில் போலீஸ் கேட்டால், போனில் டிஜிலாக்கர் என்ற அரசு ஆப்பில் இருக்கும் லைசென்ஸைக் காட்டினால் போதுமாம். அது உண்மைதான். ஆனால் ஒரிஜினல் அவர்களுக்கு எதற்கு?

கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி என்று பயணம் நன்றாகத்தான் போனது. கடலோரச் சாலை என்று பெயரே தவிர, பாதி தூரத்துக்குக் கடல் கண்ணிலேயே படாது. பாம்பன் பாலம் ஏறியதும் அதற்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் கிடைத்துவிடும்.

நாகப்பட்டினம் தாண்டி நல்ல மழை. ஒரு டீக்கடையில் ஒதுங்கி டேங்கைத் துடைத்தேன். துணியெல்லாம் கறுப்பு. முகர்ந்து பார்த்தால் ஷூ பாலிஷ் வாசனை! அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், பெயின்ட் போய்த் தகரம் தெரிந்தது. உடனே துணியோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

ராமநாதபுரத்தில் சோதனைக்கு நிறுத்தினார்கள். அந்தக் காவலர் வண்டியைப் பார்த்ததுமே, "வாடகை வண்டியா தம்பி? இதுல விழுந்து எழுந்தா ரிப்பேர் செலவு உன் தலையிலதான்" என்றார். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்சூரன்ஸ் பாலிசி வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் பொருந்தாது. திட்டிவிட்டு அனுப்பினார், நல்ல மனுஷன்.

திரும்பி வந்து வண்டியை விட்டதும் ஓனர் நேராக டேங்குக்குத்தான் வந்தார். டயர், செயின், சைலன்சர் எதையும் பார்க்கவில்லை. பெயின்ட் அடிக்க மூவாயிரம் என்றார். எடுக்கும்போது பிடித்த வீடியோவைக் காட்டினேன். அதில் டேங்க் பளபளவென்று இருக்கிறது, பாலிஷ் புண்ணியம். "நீங்களே பாருங்க சார், அப்ப கீறலே இல்லையே!" துணிப் போட்டோவைக் காட்டினால், "அது கிரீஸ்" என்றார்.

அப்புறம் வேகத்துக்கு அபராதம் வந்திருக்கிறது, அதற்கு ஆயிரம் என்று ஆரம்பித்தார். பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு அவர் முன்னாலேயே பார்த்தேன். சலான் இருந்தது, தேதி நான் வண்டி எடுப்பதற்கு முந்தைய மாதம். அந்தப் பேச்சை அதோடு விட்டார், மூவாயிரத்தை விடவில்லை. லைசென்ஸ் அவர் மேசை டிராயரில் இருக்கும்போது எவ்வளவு நேரம் சண்டை போடுவது?

ஆகவே வண்டி எடுக்கும்போது ஈரத் துணியால் டேங்கையும் மட்கார்டையும் நன்றாகத் தேய்த்துவிட்டு வீடியோ எடுங்கள். சலானையும் அப்போதே பாருங்கள். லைசென்ஸுக்கு நகல் மட்டும் கொடுங்கள், ஒப்புக்கொள்ளாத கடையை விட்டு நகருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். வெள்ளை போர்டு வண்டிக்கு எவன் பில் போடுவான்? ஓனரின் சொந்தக் கணக்குக்கு ஜிபே செய்த ரசீதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.