ஏலம் நின்ற பிறகும் ஓயாத கணக்கு: ஒரு திவால் வழக்கு அலுவலகத்தைப் பற்றிய மதிப்பீடு

நியூ ஜெர்சி மாநிலம் எடிசனில், கடைத்தெரு மாடியொன்றில் இயங்கும் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்திடம் எனது ‘சாப்டர் 13’ (கடனைத் தவணையில் கட்டித் தீர்க்கும் வகை) திவால் வழக்கை ஒப்படைத்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. அப்போது வேலை இழந்து, மீண்டும் வேலை கிடைப்பதற்குள் வீட்டுக் கடன் பதினெட்டு மாதத் தவணை பாக்கியாகி, வீட்டை ஷெரிஃப் (மாவட்டக் காவல் அதிகாரி) நடத்தும் ஏலத்தில் விற்கத் தேதியும் குறித்துவிட்டார்கள். ஏலத்தை இருமுறை தள்ளிவைக்க வீட்டு உரிமையாளருக்கு உள்ள வாய்ப்பையும் தீர்த்துவிட்டுத்தான் அந்த மாடிப்படி ஏறினேன்.

ஏலம் புதன்கிழமை, மனு திங்கட்கிழமை மாலை பதிவானது. மனு பதிவாகும் கணத்திலேயே கடன் கொடுத்தவர்களின் நடவடிக்கைகளுக்குச் சட்டப்படி தடை வந்துவிடுவதால் ஏலம் நின்றது. இதற்காக அலுவலகத்தைப் பெரிதாகப் பாராட்டத் தோன்றவில்லை. மனுவுக்கு முன் கட்டாயமான கடன் ஆலோசனை வகுப்பை இணையத்தில் முடித்து, 313 டாலர் நீதிமன்றக் கட்டணத்துடன் மனுவைச் சேர்க்க இத்துறையில் பழகிய எவராலும் முடியும். சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் வகையான ‘சாப்டர் 7’ ஏலத்தைச் சிறிது காலம் தள்ளிப்போடுமே தவிர, பாக்கியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கட்டி வீட்டைக் காப்பாற்றும் வழி ‘சாப்டர் 13’இல்தான் இருக்கிறது என்பதை மட்டும் முதல் நாளே பொறுமையாக விளக்கினார்கள்.

ஒரு குறை உண்டு. பாக்கியை 60 மாதங்களால் வகுத்து, மாதத் தொகை இவ்வளவுதான் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தவணைப் பணத்தை வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தரும் டிரஸ்டி அதில் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதும், வழக்கறிஞர் கட்டணத்தின் மீதியும் அதே தவணையில் சேரும் என்பதும் கையெழுத்துப் போடும் அன்றுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்றார்கள். கேட்கத் தெரிந்தவன் எதற்கு வழக்கறிஞரிடம் போகிறான்?

அந்த அலுவலகத்தின் தரம் எனக்குத் தெரிந்தது பதினான்காவது மாதத்தில். கடனை நிர்வகிக்கும் நிறுவனம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த கட்டண அறிவிப்பின் நகல் எனக்கு வந்தது. ஒற்றைத் தாள். வீட்டைப் பார்வையிட்டதற்கு ஒன்பது முறை தலா 20 டாலர், நிறுவனத்தின் வழக்கறிஞர் கட்டணம் 650 டாலர். பார்வையிட்டதாம்! ஒருவர் காரை விட்டு இறங்காமலேயே வாசலைப் படமெடுத்துப் போனதை என் மனைவி ஒருமுறை பார்த்திருக்கிறார். தொகை சிறியதுதானே, போகட்டும் என்றேன். அலுவலகத்தின் இளம் வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளவில்லை. இவற்றை மறுக்காமல் விட்டால் கணக்கில் அப்படியே நிற்கும் என்றும், ஐந்து ஆண்டுத் தவணை முடிந்து டிரஸ்டி இறுதி அறிவிப்புக் கொடுக்கும்போது ‘இன்னும் பாக்கி உண்டு’ என்று நிறுவனம் சொல்ல அதுவே காரணமாகும் என்றும், வழக்கு முடிந்தபின் மீண்டும் ஏல நோட்டீஸ் வருவது இப்படித்தான் என்றும் எடுத்துச் சொன்னார்.

பிறகு பென்சிலை எடுத்து, தேதிப் பத்தியில் ஒவ்வொரு வரியாக நாட்களை எண்ணினார். திவால் நடைமுறை விதி 3002.1இன்படி, கட்டணம் ஏற்பட்ட 180 நாட்களுக்குள் அறிவிப்புத் தாக்கலாக வேண்டும். ஐந்து பார்வையிடல்கள் அந்தக் கெடுவைத் தாண்டியிருந்தன. மறுப்புத் தெரிவிக்க எங்களுக்கு ஓராண்டு அவகாசம் இருந்தபோதும் இரண்டே வாரத்தில் மனுப் போட்டார். விசாரணைத் தேதிக்கு முன்பே நிறுவனம் அந்த ஐந்தையும் விலக்கிக்கொண்டு, வழக்கறிஞர் கட்டணத்தை 300 டாலராகக் குறைத்துத் திருத்திய அறிவிப்பைத் தாக்கல் செய்தது.

தொலைபேசியில் மட்டும் இவர்களைப் பிடிப்பது கடினம். மின்னஞ்சலுக்கு மறுநாள் பதில் வந்துவிடுகிறது. போகிறவர்கள் கடன் நிறுவனத்திடமிருந்து வந்த எல்லாக் கடிதங்களையும் உறையோடு கொண்டுபோவது நல்லது. என் கோப்பில் அவர்கள் முதலில் தேடியது உறைமேல் இருந்த அஞ்சல் முத்திரைத் தேதியைத்தான்.