பழைய எச்61 போர்டு: ரேம் போடுவதா, பயாஸைத் தொடுவதா?

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் மச்சானிடம் 2011இல் வாங்கிய சிஸ்டம் ஒன்று இருக்கிறது. இன்டெல் எச்61 சிப்செட் மதர்போர்டு, ஐ3-2100 பிராசஸர், ஒற்றை 4 ஜிபி டிடிஆர்3 ரேம். விண்ணப்பம் போட நாலைந்து டேப், பாஸ்போர்ட் சைஸ் படம் வெட்ட போட்டோஷாப், கூடவே ஸ்கேனர். எல்லாம் சேர்ந்தால் மவுஸ் நகராது. அது போதாதென்று தினமும் காலையில் தேதி பின்னால் போய்விடுகிறது, அரசு இணையதளம் திறக்க மறுக்கிறது. "மாப்ள, ஒருத்தர் ரேம் போடுங்கறார், இன்னொருத்தர் பயாஸ் அப்டேட் பண்ணா எல்லாம் சரியாயிடும்கறார். எதைச் செய்ய?" என்று கேட்டார்.

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ரேம் ஒத்துவரவில்லை என்றால் கழற்றிவிடலாம், நஷ்டம் ரேமோடு போகும். பயாஸ் என்பது போர்டிலேயே ஒரு சிப்பில் இருந்து சிஸ்டத்தை எழுப்பும் மென்பொருள். புதியதை எழுதும்போது பாதியில் நின்றால் போர்டு எழுந்திருக்காது. அதனால் முதலில் ரேம்.

எச்61 போர்டுகளில் பெரும்பாலும் இரண்டே ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 ஜிபி, மொத்தம் 16 ஜிபி. கையில் இருக்கும் 4 ஜிபியை வைத்துக்கொண்டு இன்னொரு 4 போடலாம், அதோடு 8 போடலாம், அதைத் தூக்கிவிட்டு ஒற்றை 8 போடலாம், அல்லது இரண்டு 8.

இதில் எனக்குப் பிடிக்காதது ஒற்றை 8. டிடிஆர்3-1333 ரேம் ஒரு சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரு பாதையில், விநாடிக்கு 10.6 ஜிபி வரை கடத்தும், இரண்டு ஸ்லாட்டிலும் இருந்தால் 21.3. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் திரைக்கான வேலையும் இதே ரேமில்தான் நடக்கிறது. அளவு கூடியும் பாதை ஒற்றையாகவே கிடந்தால் என்ன லாபம்? 4+4 போட்டால் அதே 8 ஜிபி, இரட்டைப் பாதை. பழசை விற்று ஒற்றை 8 வாங்குவதைவிட இது மலிவும்கூட.

4+8 போட்டால் ஜோடி பொருந்தாதே என்று பலர் தயங்குகிறார்கள். ஓடும். இரண்டு பக்கத்திலும் நாலு நாலு ஜிபி டூயல் சேனலாகச் சேர்ந்துகொள்ளும், மிச்சமுள்ள 4 ஜிபி மட்டும் சிங்கிள் சேனலில் ஓடும். இன்டெல் இதற்கு ஃபிளெக்ஸ் மெமரி என்று பெயர் வைத்திருக்கிறது, கடை வாசலில் கட்டும் ஃபிளெக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மச்சானுக்கு இதைத்தான் சொன்னேன். 8+8 போட்டோஷாப்பில் பெரிய பேனர் செய்பவர்களுக்கு. பாஸ்போர்ட் படத்துக்கு அது வீண்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது விலையைவிட ஸ்டிக்கர். நான் ஒருமுறை இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்ததே என்று 8 ஜிபி ஒன்றை வாங்கினேன். ஸ்லாட்டில் வைத்து அழுத்தினேன், இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று பூட்டின, பவர் பட்டனைத் தட்டினால் பீப் பீப் என்று ஓயாத கதறல். ரப்பர் வைத்து தங்கக்கால்களைத் தேய்த்தேன், ஸ்லாட் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம்தான் விற்பனைப் பக்கத்தின் அடியில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்ற வரியைப் பார்த்தேன். அந்த வகை ரேமில் சிப்களின் அமைப்பே வேறு, இன்டெலின் மெமரி கன்ட்ரோலருக்கு அது புரியாது. சர்வரிலிருந்து கழற்றிய ரேமும் இப்படித்தான். ஸ்டிக்கரில் பிசி3-10600 என்ற எண்ணுக்குப் பின்னால் 'யு' இருந்தால் வாங்கலாம், 'ஆர்' இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். 1600 வேக ரேம் கிடைத்தால் வாங்குவதில் தப்பில்லை, ஐ3-2100இல் அது 1333இல் ஓடும், அவ்வளவுதான்.

இன்னொன்று, விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். 32 பிட் என்றால் 12 ஜிபி போட்டாலும் பயன்படுவது சுமார் 3 ஜிபிதான்.

சரி, பயாஸ். இந்த போர்டில் பயாஸ் அப்டேட்டுக்கு உருப்படியான ஒரே காரணம் பிராசஸர் மாற்றுவது. எச்61 வந்தது 2011இல், இன்டெலின் இரண்டாம் தலைமுறை பிராசஸரான சாண்டி பிரிட்ஜ் காலம். அதே சாக்கெட்டில் உட்காரும் மூன்றாம் தலைமுறை ஐவி பிரிட்ஜ் 2012 ஏப்ரலில்தான் வந்தது. பழைய பயாஸுக்கு அந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது, ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ஆகவே செகண்ட்ஸில் தேடுபவர் முன்னால் நிற்பவை இரண்டு: சாண்டி பிரிட்ஜான ஐ5-2400, ஐவி பிரிட்ஜான ஐ5-3470.

இரண்டிலும் நாலு கோர். 2400இன் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், 95 வாட். 3470இன் வேகம் 3.2, 77 வாட். பிந்தையது சூடு குறைவு, 1600 ரேமை முழு வேகத்தில் ஓட்டும், உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் டைரக்ட்எக்ஸ் 11 வரை போகும். எண்களைப் பார்த்தால் 3470தான் ஜெயிக்கிறது. ஆனால் ஜெராக்ஸ் கடை வேலையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கோரிலிருந்து நாலு கோருக்குப் போவதுதான் தெரியும், அதை 2400உம் தருகிறது. 2011 பயாஸிலேயே ஓடும், ரிஸ்க் இல்லை. 3470க்காக பயாஸ் எழுதுவது எனக்குக் கட்டுப்படியாகாத பேரமாகத் தெரிகிறது.

போர்டில் ஏற்கனவே புதிய பயாஸ் இருந்தால் கதை வேறு. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று அடித்தால் பயாஸ் தேதி வரும். 2012 நடுப்பகுதிக்குப் பிந்தியது என்றால், போர்டு நிறுவனத்தின் பிராசஸர் பட்டியலில் சரிபார்த்துவிட்டு 3470ஐயே வாங்குங்கள்.

எழுதியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: போர்டில் அச்சிட்டிருக்கும் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் பார்க்க வேண்டும், ஒரே மாடலில் 1.0க்கு ஒரு கோப்பும் 2.0க்கு வேறு கோப்பும் இருக்கலாம். விண்டோஸுக்குள்ளிருந்து எழுதாமல், ஃபேட்32இல் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் போட்டு பயாஸ் திரையிலிருந்தே எழுதுவது மேல். யுபிஎஸ் கட்டாயம், அதன் பேட்டரியும் உயிரோடு இருக்க வேண்டும். பழைய ஐ3 சாக்கெட்டில் இருக்கும்போதே எழுத வேண்டும். அதை விற்றுவிட்டு புதிய பிராசஸரோடு வந்து நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனால், பயாஸ் இருக்கும் எட்டுக்கால் சிப் சாக்கெட்டில் சொருகியதாக இருந்தால் எடுத்து புரோகிராமரில் மறுபடி எழுதிவிடலாம். சால்டர் செய்ததாக இருந்தால் கிளிப் மாட்டித்தான் போராட வேண்டும்.

விண்டோஸ் 11க்காக பயாஸ் அப்டேட் என்பது வெறும் ஆசை. அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது, இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை, ஓரிரு விதிவிலக்கு தவிர, ஏற்பதில்லை. எந்த பயாஸும் இந்த போர்டை அங்கே கொண்டுபோகாது.

ரேமோடு சேர்த்து, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் போடச் சொன்னேன். எச்61இன் சாட்டா போர்ட் விநாடிக்கு 300 எம்பிக்கு மேல் தராது, என்றாலும் பழைய ஹார்டு டிஸ்க்குக்கு முன்னால் அது ராக்கெட்.

அப்புறம் அந்தத் தேதி. போர்டில் பத்து ரூபாய்க் காசு போல உட்கார்ந்திருந்தது சிஆர்2032 பேட்டரி, சிஸ்டம் வாங்கிய நாளிலிருந்து மாற்றியதே இல்லை. இரவு மெயின் சுவிட்சை அணைத்ததும் கடிகாரம் நின்றுவிடும், காலையில் பிரவுசர் தேதியைப் பார்த்து இணையதளத்தின் சான்றிதழை நம்ப மறுக்கும். வாட்ச் கடையில் வாங்கிய பேட்டரியைப் போட்டு தேதி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஒன்பதரைக்கு மச்சான் போன் செய்தார்: "சைட் திறந்துடுச்சு மாப்ள. பயாஸ் பண்ணிட்டியா?"